எது தேசியப் பத்திரிகை?

போன கிழமை ஒரு காணி விஷயமாக அலுவலகம் ஒன்றுக்குப் போயிருந்தேன். "தேசியப் பத்திரிகை ஒன்றில விளம்பரம் போட்டுக் கொண்டு வாங்கோ தம்பி" என்றார் அங்கிருந்தவர்.

"யாழ்ப்பாணப் பேப்பர் காணாதோ?"

"அது பிராந்தியப் பத்திரிகை எல்லோ."

சரி, அவரோடு சண்டை பிடித்து என்ன பயன். ஆனால் அந்தச் சொல் சைக்கிளில் வீடு வரைக்கும் கூடவே வந்தது. கொழும்பில் அச்சடித்தால் தேசியம், இங்கே அச்சடித்தால் பிராந்தியம். 1841 இலேயே உதயதாரகைப் பத்திரிகை வந்த ஊர் இது. கொழும்புத் தினகரன் தொடங்கியது 1932 இல்.

அந்தத் தினகரனை நடத்தும் லேக் ஹவுஸின் கதையைப் பாருங்கள். டி.ஆர். விஜேவர்தன கட்டியெழுப்பிய தனியார் நிறுவனம் அது. 1964 இல் பிரதமர் சிறிமாவோ அம்மையார் அதை அரசுக்கு எடுக்கப் பார்த்தார். அவருடைய அமைச்சர் சி.பி. டி சில்வா ஆட்களோடு கட்சி மாற, ஒரே ஒரு வாக்கால் அரசாங்கம் கவிழ்ந்தது. திரும்பி வந்த அம்மையார் 1973 இல் சட்டம் போட்டு எடுத்தே விட்டார். அடுத்து ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜயவர்தன, அந்த விஜேவர்தனவின் சகோதரி மகன். 2022 இல் ஜனாதிபதியான ரணில், மகள் வழிப் பேரன். மருமகனும் விடவில்லை, பேரனும் விடவில்லை. கதிரையில் இருக்கிறவருக்கு அரச பேப்பர் அவ்வளவு ருசி போல. ஆட்சி மாறிய மறுநாளே முன்பக்கத்தின் குரலும் மாறிவிடும்.

தினகரனை முழுக்கக் குறை சொல்லவும் மனம் வராது. ஐம்பதுகளின் கடைசியில் விமர்சகர் கைலாசபதி ஆசிரியராக இருந்தபோது எங்கள் எழுத்தாளர்களுக்கு அங்கே நல்ல இடம் கிடைத்தது.

எங்களுடைய "பிராந்தியங்கள்" பட்டதோ வேறு. 1959 இல் தொடங்கிய ஈழநாட்டின் அலுவலகம், 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த அதே நாள்களில் எரிக்கப்பட்டது. 2006 மே 2 ஆம் திகதி உதயன் அலுவலகத்துக்குள் புகுந்து ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். மறுநாள் உலக பத்திரிகைச் சுதந்திர தினம். வெறும் ஊர்ப் பேப்பர் என்றால் எதற்கு இவ்வளவு மினக்கெடுகிறார்கள்?

யுத்தத்துக்குள் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் எங்கள் பேப்பர் கொப்பித்தாளில் வந்தது ஞாபகம் இருக்கிறதா? நீலக் கோடுகளுக்கு மேலே செய்தி ஓடும். ஜாம் போத்தல் விளக்கைக் கிட்ட இழுத்து அப்பா வாசிப்பார். "முதல்ல ஆர் செத்தது எண்டு பார்" என்பார் அப்பாச்சி. பிறகு அந்த ஒற்றை வேலிக்கு மேலால் அடுத்த வீட்டுக்குப் போகும்.

விளம்பரத்தைக் கொழும்புப் பேப்பரிலேயே போட்டேன், காசும் கொஞ்சநஞ்சமில்லை. ஆட்சேபம் இருந்தால் சொல்ல வேண்டியவர் பக்கத்துக் காணிக்காரர். அவர் வாங்குவது யாழ்ப்பாணப் பேப்பர், அதையும் மரண அறிவித்தலில் இருந்துதான் தொடங்குவார். கடைசியில் நறுக்கை வெட்டி நானே கொண்டுபோய்க் காட்டினேன்.