மார்ச்சில் மட்டும் கடிக்கும் சட்டம்

குறு, சிறு தொழில்களுக்குக் கெடுவுக்குள் தராத பணத்தை, கொடுக்கும்வரை வாங்கியவர் தன் செலவாகக் கழிக்க முடியாது என்று 2023 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவைச் சேர்த்தபோது, இனிச் சிறு தொழில்காரருக்குப் பாக்கியே நிற்காது என்றார்கள். பாக்கி நிற்கும். வாங்கியவர் அது மார்ச் 31ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

உத்யம் (அரசின் சிறு தொழில் பதிவு) எடுத்துள்ள ஒரு தையல் யூனிட், ஜாப் வொர்க் முடித்து பிப்ரவரி 10 அன்று 10 லட்சம் ரூபாய்ச் சரக்கை இறக்குகிறது. ஆர்டரில் 90 நாள் கடன். எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டத்தின் 15வது பிரிவு 45 நாளுக்கு மேல் ஒத்துக்கொள்ளாது (எழுத்தில் எதுவுமே இல்லையென்றால் 15 நாள்தான்). ஆக, கெடு மார்ச் 27. மார்ச் 31க்குள்ளும் பணம் போகாவிட்டால் வாங்கியவர் அதை அந்த ஆண்டுச் செலவில் கழிக்க முடியாது. பார்ட்னர்ஷிப் என்றால் 30 சதவீதம், அதாவது 3 லட்சம் வரி, செஸ் தனி. ரிட்டர்ன் போடும் தேதிக்குள் கட்டித் தப்பிக்கும் வழியும் இதற்கு இல்லை. மிரட்டல் இதுவரை சரி.

அதே பில் மே மாதம் போட்டதாக இருந்தால்? அடுத்த மார்ச் 30 அன்று நிதானமாகக் கொடுக்கலாம். பத்து மாதத் தாமதம், வரியில் ஒரு பைசா இடியாது. பிப்ரவரி பில்கூட ஏப்ரலில் கொடுத்தால் அடுத்த ஆண்டு கழிந்துவிடும்.

மற்ற மாதங்களுக்கு எம்எஸ்எம்இ சட்டத்தின் 16வது பிரிவு இருக்கிறது: தாமதமான பணத்துக்கு ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. ஆனால் அதை வசூலிக்க, இந்தப் பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் ஃபெசிலிடேஷன் கவுன்சிலுக்குப் போக வேண்டும். போனால் அந்தப் பார்ட்டியின் அடுத்த ஆர்டர் போச்சு. உறவு முறிந்த பிறகுதான் மனு போடுகிறார்கள். வாங்கியவர்களுக்கும் இது தெரியும்.

என் கருத்து: செலவை மறுப்பதை ஆண்டுக் கடைசியோடு கட்டாமல் தாமதமான நாட்களோடு கட்ட வேண்டும். மனு இல்லாமலே ஆடிட்டர் கணக்கிலேயே அது விழ வேண்டும்.

அதுவரை டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் இறக்கிய நாளிலிருந்தே கெடு ஓடும். 14வது நாள் ‘குவாலிட்டி சரியில்லை’ என்று ஒரு மெயில் வந்தால், அந்தக் குறை தீர்ந்த நாளிலிருந்துதான் கணக்கு. எந்த பீஸ், எத்தனை பீஸ் என்று அன்றைக்கே பதில் மெயிலில் கேளுங்கள். விற்பவர் மீடியம் நிறுவனம் என்றால் 43பி(எச்) கிடையாது. வாங்கி விற்கும் வியாபாரிகளின் உத்யம் பதிவோ வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும்தான், இதற்கு உதவாது.