பதினாறாம் நாளுக்கு அப்புறம்

அப்பாவின் காரியம் முடிந்த மறுநாள் காலை, வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சொந்தக்காரர்கள் முந்தின நாளே பஸ் ஏறியாயிற்று. அம்மா வழக்கம்போல இரண்டு டம்ளரில் காபி ஆற்றினார். ஒன்றைக் கொண்டுபோய்த் திண்ணையில் வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

நம் ஊர்ச் சடங்குகளை நான் குறைசொல்ல மாட்டேன். கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பது, அடுப்பு மூட்டாத வீட்டுக்குச் சோறு கொண்டுவந்து கொடுப்பது, துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடம் கடைசி நிமிஷத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி ஆறுவது எல்லாமே மருந்துதான். ஆனால் பதினாறு நாளோடு அது தீர்ந்துவிடுகிறது. அப்புறம் "ஆக வேண்டியதைப் பாருங்க" மட்டும்தான்.

எட்டு மாதமாகியும் அம்மாவுக்குச் சரியான தூக்கமில்லை. கவுன்சலிங் என்றதும் சித்தப்பா, "ஏன், அண்ணிக்கு என்ன பைத்தியமா?" என்று சண்டைக்கு வந்தார். சரி என்று அவரிடம் சொல்லாமலே கூட்டிப்போனேன்.

மனசைத் தேத்திக்குங்க என்று அந்த ஆலோசகர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. "அவரைப் பத்திச் சொல்லுங்கம்மா" என்றார், அவ்வளவுதான். அம்மா முக்கால் மணி நேரம் பேசினார். கல்யாணமான புதிதில் சைக்கிளில் டபுள்ஸ் போய் இரண்டு பேரும் வாய்க்காலில் விழுந்த கதை எனக்கே புதுசு. அழுதுவிடுவாரோ என்று பயந்து நாங்கள் வீட்டில் அப்பா பேச்சையே எடுக்காமல் இருந்திருக்கிறோம். நல்லது செய்வதாக நினைப்பு வேறு.

துக்கத்துக்கு ஐந்து படிநிலை என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது எலிசபெத் குப்ளர் ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் எழுதியது. தீராத நோயில் சாவை எதிர்நோக்கி இருந்தவர்களோடு பேசி எழுதியது. பறிகொடுத்தவர்கள் வரிசையாக ஐந்து படி ஏறி இறங்க வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. எல்லோருக்கும் கவுன்சலிங் தேவை என்றும் நான் சொல்லவில்லை. பெரும்பாலானவர்கள் நாள்போக்கில், நாலு பேர் துணையோடு தேறிவிடுகிறார்கள். ஆனால் ஆறு மாதம் கழித்தும் அன்றாட வேலையே ஓடாத அளவுக்கு ஏக்கம் அழுத்தினால், உலக சுகாதார நிறுவனமே அதை நீடித்த துக்கம் என்று தனியாக வகைப்படுத்தியிருக்கிறது. அதற்கு உதவி கேட்பதில் என்ன வெட்கம்?

தனியாரிடம் போகக் காசு வேண்டும், உண்மைதான். 2022-இல் தொடங்கிய அரசின் மனநல உதவி போன் சேவையான டெலி மானஸ், 14416, இலவசம். ராத்திரி இரண்டு மணிக்கும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.

போன வாரம் சித்தப்பா போன் செய்து அந்த நம்பரைக் கேட்டு வாங்கினார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.