பகலில் தேடினால் தேவாங்கு தெரியாது

"அய்யலூர்ப் பக்கம் ரெண்டு நாள் பகல் முழுக்கச் சுற்றினேன், ஒரு தேவாங்கும் இல்லை, சரணாலயம் வெறும் பேப்பரில்தான்" என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வது திண்டுக்கல், கரூர் பக்கத்துக் கடவூர் தேவாங்கு சரணாலயத்தை. அவருடைய முடிவு தவறு. தேவாங்கு இரவு விலங்கு. பகலில் முள் மரத்து அடர்த்திக்குள் பந்துபோலச் சுருண்டு தூங்கும். நேர் கீழே நின்றாலும் தெரியாது.

கணக்கெடுப்பவர்கள் இருட்டிய பிறகுதான் கிளம்புவார்கள். தலையில் விளக்கு, அதன்மேல் சிவப்புத் தாள், ஏனென்றால் வெள்ளை வெளிச்சம் தேவாங்கின் கண்ணைக் கூசவைக்கும். மெதுவாக நடந்தால் கிளைகளுக்கிடையே நெருக்கமாக இரண்டு கண்கள் நெருப்புத் துண்டுபோல மின்னும். அப்புறம், அன்று பார்த்ததுதான் மொத்தம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு கிலோமீட்டர் நடையில் எத்தனை தென்பட்டது என்பதை வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள்.

கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரை 2022-ல் அரசு கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென்று அமைந்த முதல் சரணாலயம் அதுதான். நம்மூரில் ஒல்லியான பிள்ளையைத் திட்ட மட்டும்தான் தேவாங்கு என்ற பெயர் நினைவுக்கு வருகிறது, எனக்கு அதில் வருத்தம் உண்டு. "அங்கே ஒன்றுமில்லை" என்ற பேச்சு பரவினால் தேவாங்கு தங்கும் வேலி மரங்களை வெட்டுகிறவர்களுக்குத்தான் வசதி. தயவுசெய்து அந்தப் பதிவைத் திருத்துங்கள்.