ஜாக் மேலேயா, பக்கத்திலேயா? பெட்டியில் டிரில் வைக்கும் முன்னால்…

களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொந்தமாக கிட்டார் பெடல் (காலால் மிதித்து கிட்டார் சத்தத்தை மாற்றும் பெட்டி) செய்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சர்க்யூட் சுத்தம், பெயின்ட் அழகு, சத்தமும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஜாக்கை, அதாவது கேபிளின் பின் (பிளக்) நுழைகிற சாக்கெட்டை, கொண்டுபோய் வைக்கிற இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். உள்ளே சர்க்யூட் போர்டுக்கு எது சௌகரியமோ அங்கே ஒரு துளை, கதை முடிந்தது. மக்களே, ஜாக்கின் இடத்தைத் தீர்மானிக்க வேண்டியது போர்டு அல்ல, அதில் வந்து நுழையப் போகிற பின். வாசிக்கிறவன் காலும் பக்கத்துப் பெடலும் அதற்கு அடுத்தபடி. பென்சிலை எடுக்கும் முன் ஒரு பி38 (கால் இஞ்ச் கிட்டார் கேபிள்) பின்னைக் கையில் எடுங்கள்.

இன்புட் வலது, அவுட்புட் இடது. இதில் மட்டும் புதுமை வேண்டாம். வலது கைக்காரர் கிட்டாரை மாட்டி நின்றால் கிட்டாரின் ஜாக் அவருடைய வலது பக்கம்தான் வரும். கேபிள் அங்கிருந்து நேரே இறங்கி வலக்கோடிப் பெடலில் நுழைய வேண்டும். ஒரே ஒரு பெடல் மாறி இருந்தாலும் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு பேட்ச் கேபிள் (பெடலையும் பெடலையும் இணைக்கும் குட்டிக் கேபிள்) குறுக்கே போகும். மேலே, அதாவது வாசிப்பவருக்கு அப்பால் உள்ள சுவரில், ஜாக் வைத்தாலும் இதே விதிதான்: வாசிப்பவர் பக்கமிருந்து பார்க்கையில் வலது இன்புட், இடது அவுட்புட். பெட்டியைக் கவிழ்த்து வயரிங் செய்யும்போது வலது இடதாகிவிடும். அதனால் மூடியைத் திறந்ததும் உட்சுவரில் மார்க்கரால் எழுதிவிடுங்கள்.

இனி ஜாக் மேலேயா, பக்கவாட்டிலேயா என்கிற சண்டைக்கு வருவோம். என் கட்சி மேல் பக்கம். இது ஒன்றும் நேற்று வந்த நாகரிகம் இல்லை, 1966இல் வந்த ஃபஸ் ஃபேஸ் பெடலின் வட்டப் பெட்டியிலேயே ஜாக்குகள் பின்விளிம்பில்தான். 1977இல் வந்த பாஸ் கம்பெனியின் சிறிய பெடல்களில் ஜாக் இரண்டு பக்கவாட்டிலும் இருந்தது. அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பக்கவாட்டுதான் முறை என்று தோன்றுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பாஸ் பெடலின் அகலம் 73 மி.மீ. பான்கேக் என்கிற தட்டையான எல் வடிவப் பின் போட்டால்கூட ஒவ்வொன்றும் சுவரிலிருந்து 15 மி.மீ. அளவுக்கு வெளியே நிற்கும். இரண்டு பெடலுக்கு நடுவே இரண்டு பின் நேருக்கு நேர் முட்டும், ஆக இடைவெளி 30. ஆறு பெடலுக்கு 438, ஐந்து இடைவெளிக்கு 150, மொத்தம் 588 மி.மீ. இரு கோடியிலும் நீளக் கேபிளின் பின் இன்னும் சேரவில்லை. நம் ஊரில் ரப்பர் மரப் பலகையில் 60 செ.மீ. நீளத்துக்கு பெடல் போர்டு அடித்தவர் ஆறாவது பெடலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதே ஆறும் 125பி என்கிற அலுமினியப் பெட்டியில் மேல் ஜாக்கோடு இருந்தால் அகலம் 66 வீதம் 396, இடைவெளி 6 வீதம் 30, ஆக 426. மிச்சம் 16 செ.மீ. அதில் இன்னும் இரண்டு பெடல் உட்காரும். குருசடித் திருவிழா மேடையில் கீபோர்டு, தபலா, நாலு மைக் ஸ்டாண்ட் எல்லாம் வைத்த பிறகு கிட்டார்காரனுக்கு மிஞ்சுகிற இடத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த 16 செ.மீ. என்ன விலை என்று தெரியும்.

"மேலே வைத்தால் இரண்டாவது வரிசை தள்ளிப் போகுமே" என்பார்கள். போகும், மறுக்கவில்லை. எல் பின்னுக்கு 30 மி.மீ., நேர் பின்னுக்கு 65 வரை விட வேண்டும். ஆனால் பக்கவாட்டு ஜாக் பெடல்களிலும் அடாப்டர் சாக்கெட் பெரும்பாலும் மேலேதான் இருக்கிறது. அதன் நேர் பின்னுக்கு எப்படியும் 35 மி.மீ. விட்டே ஆகவேண்டும். அந்த இடத்தை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள், அதில் ஆடியோ எல் பின்னும் நிற்கட்டுமே. மேல் ஜாக்குக்கு நேர் பின் போட்ட பேட்ச் கேபிள் வாங்குவதுதான் முட்டாள்தனம்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் மேலே தூக்கவும் முடியாது. 1590ஏ என்கிற குட்டிப் பெட்டியின் அகலம் 38 மி.மீ. அதில் இரண்டு ஜாக்கும் டிசி (அடாப்டர்) சாக்கெட்டும் ஒரே சுவரில் ஏறாது. அங்கே பக்கவாட்டுதான் வழி, ஆனால் நேருக்கு நேராக அல்ல. உள்ளேயே இரண்டு ஜாக்கின் முதுகும் முட்டிக்கொள்ளும். ஒன்றை மேலாகவும் மற்றதைக் கீழாகவும், மையத்துக்கு மையம் 28 மி.மீ. குறையாமல் விலக்கி வையுங்கள். பான்கேக் பின்னின் தலை சுமார் 25 மி.மீ. விட்டம். 28 விட்டால் அடுத்தடுத்த பெடல்களின் பின்கள் முட்டாமல் ஒன்றுக்கொன்று ஒதுங்கிப் படுக்கும், 30 மி.மீ. இடைவெளி 15 ஆகும். இந்த ஒரு சங்கதியைச் செய்தால் பக்கவாட்டு ஜாக்கோடு எனக்குள்ள பாதிச் சண்டை தீர்ந்தது. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: ஃபுட் சுவிட்சுக்கு நேர் பக்கத்தில் ஜாக். செருப்பு விளிம்பு பின் மேல் ஏறும். பின் வளையும், இல்லையென்றால் ஜாக் சுழன்று உள்ளே வயர் அறும்.

மேல் சுவரில் துளை அளவு சொன்னால் எளுப்பம். நடுவில் டிசி, இரு பக்கமும் ஜாக். நேர் பின்னின் உறை விட்டத்தில் பாதி 8, டிசி பின்னில் பாதி 6, உரசாமல் இருக்க 3, ஆக டிசி மையத்திலிருந்து ஜாக் மையம் 17 மி.மீ. குறையக் கூடாது. இரண்டு ஜாக்குக்கும் இடையே 34 வந்துவிடும்; பான்கேக் பின் என்றால் அதன் தலை டிசி பின்னில் இடிக்காதபடி இன்னும் கொஞ்சம் விலக்க வேண்டும். அதிகபட்சம் எவ்வளவு விலகிப் போகலாம் என்பதைப் பெட்டியின் மூலைத் திருகுத் தூண்கள் முடிவு செய்யும். ஜாக்கின் உடல் அதில் இடிக்கிறதா என்று துளை போட்ட பிறகு பார்ப்பதில் பயனில்லை. வரைபடத் தாளை ஒட்டி, ஜாக்கின் வெளிக்கோட்டை அதில் வரைந்து, மூடியின் உள்விளிம்பு இறங்கும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சென்டர் பஞ்ச், 3 மி.மீ. பிட், அப்புறம் ஸ்டெப் டிரில். இரும்புக் கழுத்து ஜாக்குக்கு 9.5, சாதாரண டிசி சாக்கெட்டுக்கு 12. அலுமினியப் பிசிறை அரத்தால் எடுக்காமல் விட்டால் வாஷர் சரியாக உட்காராது; நட்டு பத்து நாளில் லூஸ்.

டிசி சாக்கெட் பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். பெடல் உலகத்தில் 9 வோல்ட் அடாப்டர் நடு நெகட்டிவ், வெளிவளையம் பாசிட்டிவ். இரும்பு உடம்புள்ள சாக்கெட்டில் அந்த வெளிவளையம் பெட்டியைத் தொட்டுவிடும். பெட்டியோ கிரவுண்ட். அப்புறம் அடாப்டர் சூடாகிறது என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

திறந்த வகை ஜாக் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பின் நுழைந்ததும் ஜாக்கின் டிப் தகடு (பின்னின் நுனியைத் தொடுவது) வெளியே வளையும், 3 மி.மீ. அளவுக்கு. வெறுமனே பார்க்கும்போது எதிலும் படாமல் இருக்கும்; பின்னைச் செருகியதும் குமிழின் அடியிலுள்ள பாட்டின் (பொட்டென்ஷியோமீட்டர்) முதுகையோ பெட்டிச் சுவரையோ தொடும், சிக்னல் கிரவுண்டுக்குப் போய்ச் சத்தம் அடங்கும். மீட்டரை வைத்துத் தேடினால் எல்லாம் சரி, ஏனென்றால் தேடும்போது பின் இல்லை. பின்னைச் செருகிய நிலையிலேயே டிப்புக்கும் கிரவுண்டுக்கும் சோதித்துப் பாருங்கள். மூடிய பிளாஸ்டிக் ஜாக்கில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதன் கழுத்தும் பிளாஸ்டிக் என்றால் பெட்டிக்கு கிரவுண்ட் கிடைக்காது, தொட்டால் இரையும். ஒரு பாட்டின் உடம்பு தொடும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, தனியாக ஒரு வயர் கொடுத்துவிட வேண்டும்.

ஜாக்கை போர்டிலேயே ஈயம் வைத்து, சுவரில் நட்டு போடாமல் விடுவது இன்னொரு சோம்பேறித்தனம். கேபிளை யாராவது மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இழுப்பு ஈயப் பற்றில் போய் விழும். வளையமாக ஒரு முடி விரிசல் விடும். சத்தம் வரும், போகும், கேபிளை ஆட்டினால் வரும். பழியெல்லாம் பாவப்பட்ட மைக் செட்டுக்காரர் தலையில்.

மேல் ஜாக்கின் உண்மையான பலவீனம் ஒன்று இருக்கிறது, அதை எதிர்க்கட்சி ஏனோ சொல்வதில்லை. இன்புட்டும் அவுட்புட்டும் பக்கத்தில் பக்கத்தில். ஃபஸ், டிஸ்டார்ஷன் மாதிரி கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) அதிகமான பெடலில் அவுட்புட் வயரின் சிக்னல் இன்புட் வயரில் கசிந்து, கெயினை முழுக்கத் திருப்பினால் கீச் என்று கத்தும். இன்புட் வயர் வலது சுவரோடும் அவுட்புட் இடது சுவரோடும் இறங்கட்டும். ஃபுட் சுவிட்சில் இரண்டும் சேர்கிற இடத்தில் பின்னிக் கட்டாதீர்கள், அழகுக்கு டை போட்டு ஒரே கட்டாக்குவது அதைவிட மோசம். இன்புட்டுக்கு ஷீல்டு வயர் போட்டு, ஷீல்டை ஜாக் முனையில் மட்டும் கிரவுண்டில் வைத்தால் போதும்.

பேட்டரி வேண்டுமென்றால் அது சுமார் 48 × 26 × 17 மி.மீ. இடம் கேட்கும், 125பி பெட்டியில் மேல் சுவர் நிறைய ஜாக் வைத்துவிட்டுப் பேட்டரியையும் அடைக்க நினைப்பது வீண். அடைத்தே தீருவேன் என்றால் இன்புட் ஜாக் ஸ்டீரியோவாக இருக்கட்டும். பேட்டரியின் நெகட்டிவை ரிங்கில் (ஸ்டீரியோ ஜாக்கின் நடுத் தகடு) கொடுத்தால், மோனோ பின் நுழையும்போது ரிங்கும் ஸ்லீவும் (கிரவுண்ட் முனை) சேர்ந்து கரன்ட் ஓடும், எடுத்தால் நிற்கும்.

குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் கடற்கரையில் வாசிக்கிறவர்கள் ஜாக் வாயை ரப்பர் மூடியால் அடைத்து வைப்பது நல்லது. இரண்டு பருவ மழையும் கிடைக்கிற மாவட்டம் நம் குமரி, உப்புக்காற்று வேறு. பச்சை பிடித்த தகட்டை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், மேல்பூச்சு போய்விடும். கான்டாக்ட் கிளீனரைப் பின்னில் அடித்து நாலு தடவை செருகி எடுத்தால் போதும்.

ஏற்கெனவே பக்கவாட்டு ஜாக் பெடல்களை வாங்கிவைத்திருக்கிறவர்கள் விற்கப் போக வேண்டாம். ஜாக்கை நகர்த்த முடியாது, பெடலை நகர்த்தலாம். ஒன்றை 28 மி.மீ. மேலே ஏற்றி, அடுத்ததை இறக்கி, மறுபடி ஏற்றி வெல்க்ரோவில் ஒட்டுங்கள். பின்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஒதுங்கிவிடும். வரிசை கோணலாகத் தெரியும், தெரியட்டும்.