சிட்டிங் கவுன்சிலரைக் காப்பாற்றுவது தேர்தல் தேதி

2020 நவம்பரில் நித்யா ராமன் லாஸ் ஏஞ்சலஸ் நகர மன்றத்துக்கு ஜெயித்தபோது நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கொண்டாட்டம். கேரளத்தில் பிறந்தவர், சென்னையில் குடிசைப் பகுதிகளையும் பொதுக் கழிப்பறைகளையும் வரைபடத்தில் கொண்டுவரும் வேலையை நடத்தியவர், 'நம்ம பொண்ணு' என்று ஃபார்வேர்டு மேல் ஃபார்வேர்டு. அதற்கு ஏழு வருடம் முன்பு சியாட்டிலில் க்ஷமா சாவந்த் ஜெயித்தபோதும் இதே கூத்துதான். புனேயில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பெண், அமெரிக்க நகர மன்றத்தில் சோஷலிஸ்ட். பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு தடவையும் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. இவர்கள் ஜெயித்தார்கள், சரி. தோற்றது யார்? அவர்களை ஏன் அதுவரை யாராலும் அசைக்க முடியவில்லை?

லாஸ் ஏஞ்சலஸ் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நித்யா ராமனுக்கு முன்னால் அங்கே ஒரு சிட்டிங் கவுன்சிலரைத் தேர்தலில் வீழ்த்தியவர் அன்டோனியோ வியரைகோசா. அது 2003. பின்னாளில் மேயரே ஆகிவிட்ட ஆள் அவர், சாதாரணப் போட்டியாளர் இல்லை. அதன்பிறகு 17 வருடம் ஒருவர்கூட விழவில்லை. பதினைந்தே பதினைந்து கவுன்சிலர்கள் உள்ள பெரிய நகரம், ஒரு கவுன்சிலருக்கு ஏறக்குறைய இரண்டரை லட்சம் மக்கள். அத்தனை பேரையும் 17 வருடமாக எல்லாக் கவுன்சிலரும் திருப்திப்படுத்திவிட்டார்களா என்ன? வீடில்லாமல் தெருவில் கூடாரம் போட்டுப் படுக்கிறவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போன ஊர் அது.

பதவியில் இருப்பவருக்கு என்னென்ன வசதி என்று வழக்கமாகச் சொல்வார்கள். பெயர் தெரியும். தெருவிளக்கு எரியவில்லை என்று போன் வந்தால் ஆள் அனுப்ப அலுவலகம் இருக்கிறது, அந்த நன்றி ஓட்டாகிறது. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டும் படம் வருகிறது. அப்புறம் பணம். தொகுதிக்குள் எந்த அடுக்குமாடி வரலாம், வரக்கூடாது என்பதில் கவுன்சிலரின் வார்த்தைக்கு அங்கே பெரிய எடை. கட்டுகிறவர்கள் நாற்காலியில் இருப்பவருக்குத்தான் கொடுப்பார்கள், நாளைக்கு உட்காரலாம் என்று ஆசைப்படுகிறவருக்கு ஏன் கொடுக்கப் போகிறார்கள்? ஹோசே ஹுய்சார் என்ற கவுன்சிலர் கட்டுமானக்காரர்களிடம் லஞ்சம் வாங்கிய வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2024இல் 13 வருட சிறைத்தண்டனை பெற்றார். அது எல்லை மீறிய கதை. எல்லைக்குள்ளேயே, சட்டப்படி ரசீது போட்டு வாங்கும் தேர்தல் நிதியே போதும், எதிரி மூச்சு வாங்கிவிடுவார்.

இதெல்லாம் உண்மைதான். ஆனால் இவை எல்லாவற்றையும் விடப் பெரிய கவசம் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றித்தான் பேச்சே இல்லை. தேர்தல் தேதி.

லாஸ் ஏஞ்சலஸில் பல்லாண்டு காலம் நகரத் தேர்தல் ஒற்றைப்படை வருடங்களில் நடந்தது. மார்ச்சில் முதல் சுற்று, மே மாதத்தில் இறுதிச் சுற்று. அதிபர் தேர்தல் இல்லை, கவர்னர் தேர்தல் இல்லை, தொலைக்காட்சியில் சத்தம் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீர்திருத்தக்காரர்கள் அமெரிக்க நகரங்களில் இந்த ஏற்பாட்டை வேண்டும் என்றேதான் பரப்பினார்கள். கட்சிப் பெருந்தலைகளிடமிருந்து நகராட்சியைப் பிரிக்கிறோம் என்றார்கள். பிரித்ததில் வாக்காளரும் சேர்ந்து பிரிந்து போய்விட்டார். சாரா ஆன்சியா என்ற அரசியல் ஆய்வாளர் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். வருகிறவர்கள் குறையக் குறைய, தவறாமல் வருகிற சங்கங்களின் கை ஓங்குகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். நகராட்சி ஊழியர் சங்கம், சொந்த வீட்டுக்காரர் சங்கம் போன்றவை. இவர்களில் முக்கியமான நூறு பேரின் போன் நம்பர் சிட்டிங் கவுன்சிலரிடம் இருக்கும். எதிர்த்து நிற்பவரிடம் ஒன்றுகூட இருக்காது.

எண்ணிக்கையில் பாருங்கள். நித்யா ராமனிடம் தோற்ற டேவிட் ரியூ முதன்முதலில் ஜெயித்தது 2015 மே மாதம். இரண்டரை லட்சம் பேர் வாழும் அந்தத் தொகுதியில் அன்றைக்கு விழுந்த மொத்த ஓட்டு சுமார் 25,000. அதில் பாதிக்கு மேல் வாங்கினால் கவுன்சிலர். அதே தொகுதியில் 2020 நவம்பரில் விழுந்த ஓட்டு ஒரு லட்சத்தைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது. இடையில் மக்கள் திடீரென்று விழித்துக்கொண்டார்களா? தேதி மாறியது. அவ்வளவுதான். நகரத் தேர்தலை நாட்டுத் தேர்தலோடு சேர்த்து நடத்தலாமா என்று 2015 மார்ச்சில் மக்களிடமே கேட்டார்கள், 'நடத்தலாம்' என்று தீர்ப்பு வந்தது. ஓட்டுப்பதிவு இவ்வளவு மட்டமாக இருக்கிறதே என்று கவலைப்பட்டு வைத்த அந்த வாக்கெடுப்புக்கே பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் வந்தார்கள் என்பது தனி நகைச்சுவை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். தேதியை ஒற்றைப்படை வருடத்திலிருந்து இரட்டைப்படைக்கு நகர்த்தினால் நடுவில் ஒரு துண்டு காலம் மிஞ்சும் அல்லவா? அதை யாருக்குக் கொடுத்தார்கள் தெரியுமா? 2015லும் 2017லும் ஜெயிக்கிற கவுன்சிலர்களுக்கு நான்கு வருடப் பதவி ஐந்தரை வருடம் ஆனது. ரியூ 2015 ஜூலையில் பதவி ஏற்று 2020 டிசம்பர் வரை இருந்தார். ஒன்றரை வருடம் போனஸ். நாற்காலியில் இருப்பவர்களுக்கு இனிப்புக் கொடுத்துத்தான் இந்தச் சீர்திருத்தமே உள்ளே வந்தது. அந்த இனிப்பைச் சாப்பிட்ட முதல் ஆள்களில் ஒருவரே அந்தத் தேதியால் விழுந்தார். 2020 தேர்தலில் ரியூவுக்குத் தேசியத் தலைவர்களான ஹிலாரி கிளிண்டனும் நான்சி பெலோசியும் ஆதரவு தெரிவித்தார்கள், ஒரு கவுன்சிலர் பதவிக்கு! அந்தப் பக்கம் பெர்னி சாண்டர்ஸ் நித்யா ராமனுக்கு.

ஒரு தொகுதியில் நடந்ததை வைத்து முடிவுக்கு வராதே என்பீர்கள். சரி, அடுத்ததைப் பாருங்கள். 2022இல் கில் செடியோ தோற்றார், மிட்ச் ஓஃபேரல் தோற்றார். 2024இல் கெவின் டி லியோன் தோற்றார். 17 வருடத்தில் ஒருவர்கூட விழாத மன்றத்தில் புதுத் தேதி வந்த பிறகு மூன்றே தேர்தலில் நான்கு சிட்டிங் கவுன்சிலர்கள் காலி. தேதி ஒன்றே காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. வாடகை ஏறியது, கொரோனா வந்தது, ஊழல் வழக்குகள் வந்தன, வாடகைக்கு இருக்கும் இளைஞர்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார்கள். ஆனால் மே மாதத்து 25,000 பேருக்குள் இந்தக் கோபம் எல்லாம் நுழைந்திருக்கவே முடியாது. கோபப்பட்டவர்கள் அன்றைக்கு ஓட்டுச்சாவடிப் பக்கம் வருவதே இல்லையே.

ஜெயித்தவர்களை மற்றவர்கள் சும்மா விட்டார்களா? அதற்கு ஒலிப்பதிவே இருக்கிறது. 2021 அக்டோபரில் தொகுதி மறுவரையறை நடந்துகொண்டிருந்தபோது மன்றத் தலைவி நூரி மார்ட்டினஸ், டி லியோன், செடியோ, ஒரு தொழிற்சங்கத் தலைவர் என்று நான்கு பேர் உட்கார்ந்து பேசியது ஒரு வருடம் கழித்துக் கசிந்தது. அதில் இருந்த இனவெறிப் பேச்சுதான் தலைப்புச் செய்தியானது, மார்ட்டினஸ் ராஜினாமா செய்தார். ஆனால் இந்தக் கட்டுரைக்கு வேண்டியது அதே பேச்சின் இன்னொரு துண்டு. கொரியாடவுன் பகுதியை நித்யா ராமன் தொகுதிக்குக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் வாடகைக்காரர்களின் தொகுதியாக அது உறுதிப்பட்டுவிடும், நமக்கு நல்லதல்ல என்று பேசிக்கொள்கிறார்கள். படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. ஓட்டுப்போட வருகிறவர்கள் மாறிவிட்டார்கள் என்பதை முதலில் புரிந்துகொண்டது ஆய்வாளர்கள் இல்லை, சிட்டிங் கவுன்சிலர்கள்தான். தேதி கைவிட்டுப் போனால் வரைபடத்தைப் பிடி. கடைசியில் நித்யா ராமனுடைய வாக்காளர்களில் கணிசமானவர்கள் மாறிப்போய், 2024இல் அவர் சிட்டிங் கவுன்சிலராக நின்றபோது பாதியை மயிரிழையில் தாண்டித்தான் முதல் சுற்றிலேயே தப்பித்தார். அப்போது அவரை எதிர்த்து நின்றவருக்குப் பின்னால் போலீஸ் சங்கத்தின் பணம் நின்றது. நேற்றைய போட்டியாளர் இன்றைக்குச் சிட்டிங், விதி எல்லாருக்கும் ஒன்றுதான்.

இப்போது என் வாதத்துக்கு எதிராக நானே ஒரு உதாரணம் வைக்கிறேன். சாவந்த். 2013 ஒற்றைப்படை வருடம், சியாட்டில் நகரத் தேர்தல். எதிரே ரிச்சர்ட் கான்லின், 16 வருடமாகக் கவுன்சிலர், மன்றத் தலைவராகவும் இருந்தவர். தேர்தல் இரவு எண்ணிய ஓட்டில் சாவந்த் பின்தங்கியிருந்தார். பெரும்பாலானவர்கள் கதை முடிந்தது என்று தூங்கப் போயிருப்பார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் எல்லாருக்கும் வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வரும், தேர்தல் நாள் முத்திரை இருந்தால் பிறகு வந்து சேர்ந்தாலும் எண்ணுவார்கள். வழக்கமாக ஓட்டுப் போடுகிறவர்கள் சீட்டு வந்த வாரமே நிரப்பி அனுப்பிவிடுவார்கள். இளைஞர்கள், வாடகைக்காரர்கள் கடைசி நாள் மாலை பெட்டியில் போடுவார்கள். அந்தக் கடைசி நாள் சீட்டுகள் நாளுக்கு நாள் எண்ணப்பட எண்ணப்பட இடைவெளி சுருங்கி, பிறகு தலைகீழாகி, பத்து நாளில் கான்லின் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஆக, ஒற்றைப்படை வருடத்திலும் ஆளை வீழ்த்த முடியும். ஆனால் எப்படி என்று பாருங்கள்: சீட்டு வீட்டுக்கே வர வேண்டியிருந்தது, கடைசி நாள்வரை கதவு திறந்திருக்க வேண்டியிருந்தது, 15 டாலர் குறைந்தபட்சக் கூலி என்ற ஒற்றைக் கோரிக்கை தெருவெங்கும் ஓட வேண்டியிருந்தது. போதாததற்கு, தொழிலாளர்களுக்குச் சம்பளத்துடன் நோய் விடுப்பு தரும் சட்டத்துக்கு 2011இல் எதிர்த்து ஓட்டுப்போட்ட ஒரே கவுன்சிலர் கான்லின்தான். இவ்வளவு கைகொடுத்தும் வித்தியாசம் சில ஆயிரம் ஓட்டுதான்.

சாவந்துக்கும் தேதியின் அருமை தெரிந்திருந்தது. 2021இல் அவரைப் பதவியிலிருந்து திரும்ப அழைக்க எதிரிகள் கையெழுத்து வேட்டை நடத்தினார்கள். போதிய கையெழுத்து சேர்ந்தால் நடக்கும் வாக்கெடுப்பு நவம்பர் தேர்தலோடு சேர்ந்து வராமல் தனியாகக் குளிர்காலத்தில் வந்தால் இளைஞர்கள் வர மாட்டார்கள் என்று பயந்த சாவந்த் தரப்பு என்ன செய்தது? தன்னைத் தூக்கும் மனுவுக்குத் தானே கையெழுத்துச் சேகரித்துக் கொடுத்தது, நவம்பருக்குள் முடிந்துவிடட்டும் என்று! அரசியலில் இதைவிட வினோதமான பிரசாரத்தை நான் பார்த்ததில்லை. அப்படியும் பலிக்கவில்லை, வாக்கெடுப்பு டிசம்பர் 7க்குப் போனது. முந்நூற்றுச் சொச்சம் ஓட்டில் பதவி தப்பியது.

இரட்டைப்படை வருடத்துக்கு மாற்றினால் நஷ்டமே இல்லையா என்றால், உண்டு. அதிபரில் தொடங்கி நீதிபதிவரை நீண்டு போகும் வாக்குச்சீட்டில் கவுன்சிலர் பெயர் அடியில் எங்கோ கிடக்கும். பாதி வழியில் சலித்து விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், குழாய்த் தண்ணீர் விவகாரத்தை விட்டுவிட்டு வெள்ளை மாளிகைக் கோபத்தில் குத்துகிறவர்களும் இருக்கிறார்கள். 'விவரம் தெரிந்த கொஞ்சப் பேர் போதும், தெரியாத கூட்டம் எதற்கு' என்று ஒரு நண்பர் வாதாடினார். அந்த 'விவரம் தெரிந்த கொஞ்சப் பேரில்' வாடகைக்கு இருப்பவர் எத்தனை, இரண்டு ஷிஃப்ட் வேலை பார்ப்பவர் எத்தனை என்று கேட்டேன். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

கலிஃபோர்னியா 2015இலேயே சட்டம் போட்டுவிட்டது: நகரத் தேர்தலின் ஓட்டுப்பதிவு மாநிலத் தேர்தலைவிட ரொம்பவும் கீழே இருந்தால் பெரும்பாலான நகரங்கள் தேதியை மாற்றித்தான் ஆக வேண்டும். மற்ற பல மாநிலங்களில் நகரங்கள் இன்னும் பழைய காலண்டரிலேயே ஓடுகின்றன, சியாட்டில் உட்பட. அங்கெல்லாம் யாராவது சிட்டிங் கவுன்சிலரை எதிர்த்து நிற்கப் போகிறேன் என்று உங்களிடம் வந்தால் கொள்கை என்ன, நிதி எவ்வளவு என்றெல்லாம் பிறகு கேளுங்கள். ஓட்டு என்றைக்கு, சீட்டு வீட்டுக்கு வருமா என்று முதலில் கேளுங்கள். அடுத்த முறை 'நம்ம பொண்ணு' ஃபார்வேர்டு வந்தாலும் இதையே கேட்டுப் பாருங்கள், அனுப்பியவருக்குப் பதில் தெரிகிறதா என்று பார்க்கலாம்.