லேடிபக்ஸ்: வெளிவந்த அன்றே பழசாகிப்போன படம்

பழைய நகைச்சுவைப் படம் ஒன்றைக் குறை சொன்னால் உடனே வந்து விழும் பதில் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் சிரித்தார்கள், இன்றைய அளவுகோலைக் கொண்டுபோய் அன்றைய படத்தை அளக்கலாமா என்பார்கள். பல படங்களுக்கு இந்த வாதம் பொருந்தும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1992 மார்ச் மாதக் கடைசியில் அமெரிக்காவில் வெளியான 'லேடிபக்ஸ்' என்ற கால்பந்து நகைச்சுவைப் படத்துக்கு அந்தச் சலுகையைத் தர எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அது தன்னுடைய காலத்துக்கே பின்தங்கியிருந்த படம்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செஸ்டர் லீ ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி. பதவி உயர்வு கிடைத்தால் பெஸ் என்ற பெண்ணை மணந்துகொள்ளலாம் என்று காத்திருக்கும் அவர், தனக்குக் கால்பந்து நன்றாகத் தெரியும் என்று முதலாளியிடம் அளந்துவிட, நிறுவனத்தின் ஆதரவில் ஆடும் சிறுமிகள் அணிக்குப் பயிற்சியாளர் பொறுப்பு அவர் தலையில் வந்து விழுகிறது. தொடர்ந்து வென்றுவந்த அந்த அணியின் தேர்ந்த ஆட்டக்காரிகளில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். இப்போது இருப்பவர்களுக்கு ஆட்டம் பழக்கமில்லை. முதலாளியின் மகளும் அவர்களில் ஒருத்தி. தோற்றால் பதவி உயர்வு போய்விடும் என்று பயந்த செஸ்டர், பெஸ்ஸின் மகன் மேத்யூவுக்குப் பொய்முடி வைத்து, பெண் உடை மாட்டி, மார்த்தா என்று பெயரிட்டு அணிக்குள் நுழைத்துவிடுகிறார். அதன் பிறகு அணி வெல்லத் தொடங்குகிறது.

ஆண் பெண் வேடம் போடுவதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஸ்திரீபார்ட் நடிகர்களைத் தலையில் வைத்துக் கொண்டாடிய நாடக மரபிலிருந்து வந்த நமக்கு அதில் அதிர்ச்சி அடைய ஒன்றும் இல்லை. மேத்யூவாக நடித்த ஜொனாதன் பிராண்டிஸ் அந்த வேடத்தை எந்தக் கேலியும் இல்லாமல், இயல்பாகச் செய்திருக்கிறார். படத்தில் எனக்குப் பிடித்த நடிப்பு அவருடையதுதான். கோளாறு கதையின் அடியில் இருக்கும் கணக்கில் இருக்கிறது. ஒரு பையன் வந்து சேர்ந்தால் பதினொரு சிறுமிகளின் தலையெழுத்து மாறிவிடும் என்பது அந்தக் கணக்கு. படம் இதை வாதிட்டு நிறுவவில்லை. எல்லாருக்கும் தெரிந்த செய்தி போல எடுத்துக்கொண்டு, அதன் மேல் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டு ஜோக் அடிக்கிறது.

இப்போது தேதிகளைப் பாருங்கள். 1991 நவம்பர் 30 அன்று சீனாவின் குவாங்சோ நகரில், பெண்களுக்கான முதல் உலகக் கோப்பைக் கால்பந்தின் இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா நார்வேயை 2-1 என்ற கணக்கில் வென்றது. இரண்டு கோல்களையும் அடித்தவர் மிஷேல் ஏக்கர்ஸ். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது வந்தது இரண்டாவது கோல். அந்தத் தொடரில் மட்டும் அவர் அடித்த கோல்கள் 10. (பெண்களால் முழு 90 நிமிடம் ஆட முடியுமா என்ற தயக்கத்தில் அந்தத் தொடரின் ஆட்டங்களை 80 நிமிடமாகச் சுருக்கி வைத்திருந்தார்கள் என்பது தனி நகைச்சுவை.) சிறுமிகளுக்குக் கால்பந்து வராது என்பதைச் சிரிப்புக்கு முதலாக வைத்த படம், அந்தக் கோப்பை அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்து நான்கு மாதம்கூட நிறையாத நிலையில் திரைக்கு வந்தது.

படமெடுத்தவர்களுக்குக் குவாங்சோவில் நடந்தது தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அமெரிக்க நாளிதழ்களிலேயே அந்த வெற்றிக்குப் பெரிய இடம் கிடைக்கவில்லை. ஆனால் தங்கள் ஊர் மைதானங்களில் என்ன நடக்கிறது என்பதாவது கண்ணில் பட்டிருக்க வேண்டாமா? அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் அங்கே 1972-இல் வந்தது. அதற்கு முந்தைய கல்வியாண்டில் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளில் பங்கேற்ற சிறுமிகள் 3 லட்சத்துக்கும் குறைவு. இருபது ஆண்டுகள் கழித்து, இந்தப் படம் வந்த கல்வியாண்டில் அந்த எண்ணிக்கை 19 லட்சத்தைத் தாண்டியிருந்தது. சனிக்கிழமை காலையில் மகளின் ஆட்டத்தைப் பார்க்க மைதானத்து ஓரத்தில் நின்ற பெற்றோர் கூட்டம்தான் இந்தப் படத்துக்கு இயல்பான பார்வையாளர் கூட்டம். அவர்களுக்குத் தெரிந்திருந்த ஆட்டம் படத்துக்குத் தெரியவில்லை.

படத்தின் நாயகனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ராட்னி டேஞ்சர்ஃபீல்ட் எனக்குப் பிடித்த நடிகர். தனக்கு யாருமே மரியாதை தருவதில்லை என்று புலம்பிப் புலம்பியே மேடையில் பெயர் வாங்கியவர் அவர். கழுத்துப்பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கண்களை உருட்டி, மூச்சு விடாமல் ஒற்றை வரி ஜோக்குகளை அடுக்கும்போது அடி முழுவதும் அவர் மீதே விழும். சிரிப்பு அதனால்தான் சுத்தமாக இருக்கும். 1980-இல் வந்த 'கேடிஷாக்' படத்தில் அவர் பணம் படைத்த முரடராக வந்து கோல்ஃப் கிளப்பின் கனவான்களைக் கதிகலங்க வைப்பார்; அங்கே அடி வாங்கியவர்கள் அகந்தை பிடித்த பெரிய மனிதர்கள். 'லேடிபக்ஸ்' படத்தில் எழுபது வயதில் அவர் பயிற்சியாளராக நிற்கிறார். எதிரே நிற்பவர்கள் சிறுமிகள். அதே நடிகர், அதே வேகம், அதே வகை ஜோக், ஆனால் அடி விழும் திசை மாறிவிட்டதால் பார்ப்பவருக்கு நெளியத்தான் தோன்றுகிறது.

துணிக்கடைக் காட்சி இதற்குச் சரியான சாட்சி. செஸ்டர் அந்தப் பையனுக்குப் பெண் உடை போட்டுப் பார்ப்பதற்காக உடைமாற்றும் அறைக்குள் அழைத்துப் போகிறார்; உள்ளிருந்து கேட்கும் பேச்சை வெளியில் இருப்பவர்கள் வேறுவிதமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு பெரியவர் ஒரு குழந்தையிடம் அத்துமீறுகிறாரோ என்ற சந்தேகம் மட்டுமே அங்கே நகைச்சுவை; வேறு எதுவும் இல்லை. சிறுமிகளைப் பற்றி அவர் உதிர்க்கும் சில வரிகளும் இதே ரகம். அவற்றை இங்கே எடுத்து எழுதும் உத்தேசம் எனக்கு இல்லை. இது இன்றைய கண்ணுக்கு மட்டும் உறுத்துவது என்று யாரும் சொல்லிவிட வேண்டாம், வெளிவந்தபோதே விமர்சகர்களில் பெரும்பாலோர் படத்தைத் தாளித்துவிட்டார்கள்.

காலத்தின் மீது பழியைப் போட முடியாது என்பதற்கு இன்னும் நேரடியான ஆதாரம் அதே ஆண்டின் ஜூலை மாதத்தில் வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்கப்பட்ட பெண்கள் பேஸ்பால் லீகைப் பற்றி பென்னி மார்ஷல் இயக்கிய 'எ லீக் ஆஃப் தேர் ஓன்' படத்திலும் வேண்டா வெறுப்பாக வந்து சேரும் ஒரு பயிற்சியாளர் இருக்கிறார். முதல் நாள் உடைமாற்றும் அறைக்குக் குடிபோதையில் வரும் அவர், அத்தனை ஆட்டக்காரிகளின் முன்னாலேயே சிறுநீர் கழிக்கத் தொடங்குகிறார். அது முடிவதாக இல்லை. ஆட்டக்காரிகளில் ஒருத்தி எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கெடுக்கத் தொடங்குகிறாள். ஆபாசத்தில் இந்த ஜோக் 'லேடிபக்ஸ்' ஜோக்குகளுக்குச் சற்றும் குறைந்ததல்ல. ஆனால் கடிகாரம் அந்தப் பெண்களின் கையில் இருக்கிறது, சிரிப்பவர்களும் அவர்களே. அதோடு, பந்து வீசவும் அடிக்கவும் ஓடவும் தெரிந்தவர்களாக அவர்களை அந்தப் படம் காட்டுகிறது. 'லேடிபக்ஸ்' படத்திலோ எந்தச் சிறுமி எந்த இடத்தில் ஆடுகிறாள், எதில் கெட்டிக்காரி, எதில் தேறினாள் என்பதை முழுப் படம் பார்த்த பிறகும் என்னால் சொல்ல முடியவில்லை. துண்டு துண்டாக வெட்டிய காட்சிகள், பின்னணியில் பாட்டு, வலைக்குள் ஒரு பந்து, துள்ளும் பயிற்சியாளர் என்று ஆட்டம் முடிந்துவிடுகிறது.

வார்த்தைகள் பழசாவது வேறு விஷயம். சிறுவர் பேஸ்பால் அணி ஒன்றைப் பற்றிய 1976-இன் 'பேட் நியூஸ் பேர்ஸ்' படத்தில் சிறுவர்கள் வாயில் வரும் இனவசைகளை இன்று எந்தத் தயாரிப்பாளரும் அனுமதிக்க மாட்டார். பயிற்சியாளர் பீரும் கையுமாகத் திரிகிறார். ஆனாலும் அந்தப் படம் இன்றும் நிற்கிறது. அந்த அணியின் சிறந்த பந்துவீச்சாளர் ஒரு சிறுமி, அதை அவள் கையே நிரூபிக்கிறது, இறுதி ஆட்டத்தில் அவர்கள் தோற்கவும் செய்கிறார்கள். வசைகளை நீக்கிவிட்டாலும் அங்கே ஒரு படம் மிஞ்சும். 'லேடிபக்ஸ்' படத்திலிருந்து அந்தப் பொய்முடியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

நம் பக்கம் எல்லாம் சரி என்று நான் சொல்லவரவில்லை. 2019-இல் வந்த 'பிகில்' படத்தில் பருமனான வீராங்கனையை அவள் உடம்பைச் சொல்லியே பயிற்சியாளர் சீண்டி ஆட வைக்கும் காட்சியைத் திரையரங்குகள் கைதட்டிக் கொண்டாடின. பயிற்சியாளர் கெட்டிக்காரர், ஆட்டக்காரிகள் அவர் திருகிவிடும் பொம்மைகள் என்ற நினைப்புக்குத் தேச எல்லை கிடையாது போலிருக்கிறது. ஹாலிவுட்டும் விடவில்லை. லீகிலிருந்து விலக்கப்பட்ட கூடைப்பந்து வீரர் பெண் வேடமிட்டுப் பெண்கள் லீகில் ஆடும் 'ஜுவானா மேன்' 2002-இல் வந்தது. அதற்குள் அமெரிக்கப் பெண்களின் உண்மையான தொழில்முறைக் கூடைப்பந்து லீக் ஆடத் தொடங்கி ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதே 2002-இல் பிரிட்டனிலிருந்து குரிந்தர் சட்டாவின் 'பெண்ட் இட் லைக் பெக்கம்' வந்தது. இறுதி ஆட்டத்தில் கால்பந்து ஆடும் நாயகி ஜெஸ் ஃப்ரீ கிக் அடிக்க நிற்கிறாள். எதிரே சுவராக நிற்கும் எதிரணியினர் அவள் கண்ணுக்குப் புடவை கட்டிய அம்மாவும் அத்தைமார்களுமாகத் தெரிகிறார்கள். அவர்களைச் சுற்றிப் பந்தை வளைத்து அடித்தாக வேண்டும். ஃப்ரீ கிக்குக்கு எதிரணி சுவர் போடும் என்பது தெரிந்தவருக்குத்தான் அப்படி ஒரு ஜோக் எழுத வரும்.