ஸ்டெப் ஃபைலை அப்படியே தெர்மல் மாடலில் கொட்டாதீர்கள்

மெக்கானிக்கல் டீம் கேட் (கணினி வரைபட) மென்பொருளில் வரைந்து கொடுக்கும் ஸ்டெப் ஃபைலை, அதாவது பாகங்களின் முப்பரிமாண வடிவ ஃபைலை, அப்படியே வெப்ப ஆய்வு மென்பொருளில் இறக்கி, மெஷ் போட்டு (வடிவத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்து), ரன் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிற பழக்கம் இங்கே தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன், ஸ்டெல்லன்போஷ் பக்கம் செயற்கைக்கோள் வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் கூடிக்கொண்டே போகிறது. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. 1999-இல் சன்சாட் செயற்கைக்கோள் இங்கே ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் கட்டப்பட்டுத்தான் விண்ணுக்குப் போனது. 2018 டிசம்பரில் ஸாக்யூப்-2 என்ற சிறு செயற்கைக்கோள் போனது. இந்தத் துறையில் இவ்வளவு பழக்கம் உள்ள ஊரில் வேலை கற்பவர்கள் இதைச் சரியாகக் கற்க வேண்டும் என்ற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்து பயிற்சியில் இருக்கும் தம்பி ஒருவர் போன மாதம் ஒரு மாடலைக் கொண்டுவந்தார். "அண்ணா, ராத்திரி முழுக்க ஓடியும் முடியலை" என்றார். திறந்து பார்த்தோம். எம்3 ஸ்க்ரூ ஒவ்வொன்றிலும் மரை சுற்றுச் சுற்றாக இருந்தது, அதன்மேல் பொடிப்பொடி முக்கோணங்கள். கனெக்டரின் பின்கள், சட்டத்தின் ஃபில்லெட்கள் (மழுக்கி வளைத்த மூலைகள்), அச்சடித்த பார்ட் நம்பரின் பள்ளம், எதுவும் விடுபடவில்லை. ஆனால் பேட்டரிப் பெட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு இணைப்புகூட இல்லை! வரைந்தவர் அசெம்பிளி வசதிக்காக 0.1 மி.மீ. இடைவெளி விட்டிருந்தார். மென்பொருளுக்கு அது வெற்றிடம். நிஜத்தில் நான்கு போல்ட் வழியாகச் சட்டத்துக்கு இறங்க வேண்டிய வெப்பம், மாடலில் கதிர்வீச்சாக மட்டுமே வெளியேறிக்கொண்டிருந்தது. லித்தியம் அயான் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் அது கெட்டுப்போகும். அந்த மாடல் கொடுக்கிற பேட்டரி வெப்பநிலையை எந்த நம்பிக்கையில் ஏற்பது?

ரன் முடியாததற்குக் காரணம் அந்தப் பொடிப்பொடி முக்கோணங்கள்தான், ஒவ்வொன்றும் ஒரு பரப்பு. கதிர்வீச்சில் ஒவ்வொரு பரப்பும் மற்ற எல்லாப் பரப்பையும் பார்க்கிறதா என்று கணக்கிட வேண்டும். 1,000 பரப்பு என்றால் 10 லட்சம் ஜோடி. 10,000 என்றால் 10 கோடி. அப்புறம் ஊசிபோல மெலிந்த துண்டுகள். வெப்பக் கணக்கைப் போடும் சிண்டா என்ற சால்வர், சி.எஸ்.ஜி.மின் என்று ஒரு எண்ணைக் காட்டும். ஒரு நோடின் (வெப்பநிலை கணக்கிடும் ஒரு புள்ளியின்) வெப்பக் கொள்ளளவை, அதில் வந்து சேரும் கடத்தல்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது அது. எல்லா நோடுகளிலும் மிகச் சிறியதைத்தான் காட்டும். மரையின் ஒரு துணுக்கு அதை அதலபாதாளத்துக்கு இழுத்துவிடும், நேரப் படியும் அதோடு சுருங்கும். 90 நிமிடச் சுற்றுப்பாதையைக் கணக்கிட இரவு முழுக்கப் போதாமல் போவது இப்படித்தான். லோட் ஷெடிங் (சுழற்சி மின்வெட்டு) உச்சத்தில் இருந்த காலத்தில், யூபிஎஸ் தீர்ந்து பாதியில் செத்த இத்தகைய ரன்களுக்குக் கணக்கே இல்லை.

கேட் மாடலை ஓரத்தில் வைத்து, அதன்மேல் புதிதாக வரைய வேண்டும் என்பது என் கட்சி. தெர்மல் டெஸ்க்டாப் என்ற வெப்ப ஆய்வு மென்பொருள், ஆட்டோகேட் வரைபட மென்பொருள் உள்ளேயே ஓடுவதால் இது சுலபம். கேட் புள்ளிகளைப் பிடித்துப் பிடித்து வரையலாம். மெல்லிய தகட்டுக்கு ஷெல் (தடிமனில்லாத வெறும் பரப்பு) போதும், தடிமனை எண்ணாகக் கொடுக்கலாம். குழாய்க்கு ஒரு உருளை. ஸ்க்ரூவை வரையவே வேண்டாம். அந்த இணைப்பின் கடத்தல் மதிப்பைப் போடுங்கள். அலகையும் பார்த்துவிடுங்கள். மி.மீ. மீட்டராக நுழைந்தால் பரப்பளவு 10 லட்சம் மடங்கு ஆகிவிடும்.

மேற்பரப்பு விஷயம் இதைவிட முக்கியம். ஸ்டெப் ஃபைல் கொண்டுவருவது வடிவத்தை. கேட்டில் கறுப்பாகத் தெரிகிற தகடு உண்மையில் கறுப்பு அனோடைஸ் (அலுமினியத்தின்மேல் மின்வேதி முறையில் உண்டாக்கும் ஆக்சைடு படலம்) செய்ததா என்பது அதில் இருக்காது. பளபளக்கும் வெற்று அலுமினியத்தின் எமிசிவிட்டி (வெப்பத்தைக் கதிர்வீச்சாக வெளிவிடும் திறன்) 0.1-க்கும் கீழே, கறுப்பு அனோடைஸ் என்றால் 0.8-க்கும் மேலே. இந்த ஒரு வித்தியாசத்துக்கு முன்னால் ஆயிரம் ஃபில்லெட்டும் ஒன்றுமில்லை.

"கேட் மாறினால் எல்லாவற்றையும் மறுபடி வரையணுமே" என்பார்கள். பிராக்கெட் 2 மி.மீ. நகர்ந்தால் வெப்பநிலையில் பெரும்பாலும் தெரியவே தெரியாது. நான்கு போல்ட் இரண்டானால் தெரியும். அதை நாமே உட்கார்ந்து மாற்றுவதுதான் நல்லது. தானாக அப்டேட் ஆகிற மாடலில் அது கண்ணில் படாமலே போய்விடும்.

எல்லா இடத்துக்கும் இதைச் சொல்லவில்லை. காற்று ஓடும் ஹீட் சிங்க், வெப்பத்தால் மைக்ரான் அளவில் வளைகிற லென்ஸ் சட்டம் போன்றவற்றுக்கு நுணுக்கமான வடிவம் வேண்டும். அங்கேயும் பார்ட் நம்பரின் பள்ளம் எதற்கு?

மெக்கானிக்கல் டீமில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஸ்டெப் ஃபைல் அனுப்பும்போது கூடவே ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள்: எது எதோடு சேர்கிறது, எத்தனை போல்ட், என்ன டார்க் (போல்ட்டை முறுக்கும் விசை), நடுவில் வெப்பம் கடத்தும் பேட் ஏதாவது உண்டா, எந்தப் பரப்புக்கு என்ன பூச்சு. தெர்மல் பக்கம் இருக்கும் தம்பி தங்கைகளே, அந்த ஒரு பக்கக் குறிப்பு கைக்கு வராமல் மெஷ் போட ஆரம்பிக்காதீர்கள்.